அருவிக்குக் கொடுத்த உத்தரவாதம் நமக்கு எப்போது?

ஒரு விடுமுறை நாளில் அட்டன் – நுவரெலியா வீதியில் நின்று பாருங்கள். டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் வான்கள் வரிசையாக நிற்கும். கொஞ்சத் தூரம் போனால் சென் கிளயர். வந்து இறங்குகிறவர்கள் முதலில் அருவியைப் படம் பிடிப்பார்கள். அப்புறம் திரும்பி, கூடையோடு நிற்கும் நம் அக்காவைப் பிடிப்பார்கள். "எவ்வளவு அழகான இடம்! இங்கே இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு வானில் ஏறுவார்கள்.

கொடுத்து வைத்தவர்கள் யார் என்று நாமும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவோட் மின்சாரம். சென் கிளயர் வற்றிப்போகும் என்று முன்பே பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதனால் காலை முதல் மாலை வரை அருவிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நல்ல காரியம், நாமும் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. வேடிக்கை பார்க்க வருகிறவர் ஏமாறக்கூடாது என்று அருவிக்கு நேரம் குறித்துத் தண்ணீர் விடத் தெரிந்த நாட்டுக்கு, மலையில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண் ஒதுங்குவதற்கு ஒரு கழிப்பறை கட்டத் தெரியாதா? பல தோட்டங்களில் இன்றைக்கும் தேயிலைச் செடிதானே மறைப்பு?

"இயற்கை அழகு" என்கிறார்கள். தோழர்களே, அது பாதிப் பொய். அருவி இயற்கை, பச்சைக் கம்பளம் இயற்கையல்ல. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய நாளிலிருந்து இந்த மலைகளைச் செதுக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். கான் வெட்டாவிட்டால் மழையில் மண் இறங்கிவிடும். ஊரார் படம் எடுத்துப் போவது நம் கை வேலையை.

அந்த வேலைக்கு என்ன விலை? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்கும் எத்தனை போராட்டம்! இன்னொரு பக்கம் துரைமார் இருந்த பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகின்றன. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஸ்டோர் 1996இலேயே ஹோட்டலாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இரவு தங்க எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பங்களாவுக்குப் புதுப் பெயின்ட், லயத்துக்கு அதே பழைய தகரம்.

"சுற்றுலா வளர்ந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கிறதுதான். கோப்பை கழுவ, பெட்டி தூக்க, கேட்டில் நிற்க. வேலை எதுவும் கேவலமில்லை. ஆனால் நம் பிள்ளை ஏன் சொந்தமாக ஒரு தேநீர்க் கடை போடக்கூடாது? ஏன் இரண்டு அறை கட்டி விருந்தாளிகளைத் தங்க வைக்கக்கூடாது? காரணம் ஒன்றுதான்: காலுக்குக் கீழே சொந்தக் காணி இல்லை. நிலம் அரசினுடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. ரோட்டோரம் ஒரு பெட்டிக் கடை வைக்கவும் தோட்டத்திடம் கேட்டு நிற்க வேண்டும். உறுதிப் பத்திரம் இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் தரும்?

பயணிகள் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரட்டும், நம் தேநீரைக் குடிக்கட்டும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதையும் போய்ப் பார்க்கட்டும். ஆனால் நாம் கேட்பது இவைதான்:

ஒன்று, 7 பேர்ச் காணியும் வீடும் உறுதிப் பத்திரத்தோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும்.

இரண்டு, தோட்ட நிலத்தில் நடக்கும் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்து மக்கள் நலனுக்கு ஒதுக்கப்பட வேண்டும். வேலையிலும் கடைகளிலும் நம் இளைஞர்களுக்கே முதலிடம்.

மூன்று, வேலை நடக்கும் ஒவ்வொரு மலையிலும் கழிப்பறையும் குடிதண்ணீரும் மழைக்கு ஒதுங்க இடமும் வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மாதர் சங்கத்து அக்காமார் முன்னுக்கு நின்று பேசுங்கள். அருவிக்குக் கூட எழுத்தில் உத்தரவாதம் வாங்க முடிந்தது, யாரோ குரல் கொடுத்ததால்தான். நமக்கு நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.