தில்லி வெயிலும் வெள்ளை எலியும்

வீட்டில் வளர்க்கப்படும் எலியும், அரிசி மூட்டையைக் குதறும் எலியும் ஒன்றல்ல. வட இந்தியாவில் பரண்களில் ஓடுவது பெரும்பாலும் கறுப்பு எலி இனம். சாக்கடை ஓரத்தில் வளை தோண்டுவது பெருச்சாளி. கூண்டில் வளர்வதோ, ராட்டஸ் நார்வேஜிகஸ் என்ற பழுப்பு எலியிலிருந்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி எடுத்த வகை. 19ஆம் நூற்றாண்டில், விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், நிறம் மாறிய எலிகள் சிக்கினால் கொல்லாமல் இனம் பெருக்கி லண்டன் சீமாட்டிகளுக்கு விற்றார். 1906இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள விஸ்டார் நிறுவனம் ஆய்வுக்கென்றே ஒரு வெள்ளை எலி வகையை உருவாக்கியது. இந்தியாவில் விற்பனைக்கு வருவதும் பெரும்பாலும் அந்தச் சாயலில் உள்ள, கண் சிவந்த வெள்ளை எலிதான். ராஜஸ்தானின் தேஷ்நோக்கில் கர்ணி மாதா கோயிலில் திரியும் ஆயிரக்கணக்கான எலிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை எலி கண்ணில் பட்டால் பாக்கியம் என்பார்கள். தில்லிக் கடைகளில் அந்தப் பாக்கியத்துக்கு விலை உண்டு.

எலி வளர்ப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியைக் காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து, கொல்லத்தக்க பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயலோடு எலி வகைகளையும் செல்லப்பிராணி என்றே கணக்கில் கொள்கின்றன. அவற்றை விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான்.

ஒற்றை எலியை வாங்கக் கூடாது. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியே விட்டால் சோர்ந்து மந்தமாகிவிடும். சிக்கிய துணையை அடைப்பிலிருந்து விடுவிக்க எலிகள் தாமாகவே முயல்வதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்தனர். வாங்கும் இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும். ஐந்தாறு வாரத்தில் எலி பருவத்துக்கு வந்துவிடும், கர்ப்பம் மூன்று வாரம், ஒரு ஈற்றுக்குப் பத்துக் குட்டி வரை சாதாரணம். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் கிடந்தால், வாங்கும் பெண் எலி கர்ப்பத்தோடு வீட்டுக்கு வரவும் வாய்ப்புண்டு.

கூண்டின் கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும் என்பதால் அடியில் தட்டோ பலகையோ வேண்டும். அதன்மேல் கிழித்த காகிதமோ பழைய பருத்தித் துணியோ விரிக்கலாம். வாசனை வீசும் பைன் மரச் சீவல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் நெடி எலியின் மூச்சுக்குழாயை அரிக்கும். சிறுநீர் தேங்கினால் எழும் அம்மோனியாவும் அப்படியே. கூண்டருகே நின்றால் மூக்கில் நெடி ஏறுகிறது என்றால், உள்ளே இருக்கும் எலிக்கு அது எப்போதோ ஏறிவிட்டது.

தில்லியில் எலி வளர்ப்பதன் உண்மையான சிரமம் வெயில். எலிக்கு வியர்க்காது, நாய்போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துச் சூட்டை வெளியேற்றவும் தெரியாது. அதற்கு உள்ள பெரிய வழி வால்தான். ரோமமில்லாத அந்த வாலின் ரத்த நாளங்கள் விரிந்து சூட்டை வெளியே விடுகின்றன. புழுக்கமான அறையில் தொட்டுப் பார்த்தால் வால் வெதுவெதுப்பாக இருக்கும். அறையே 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் வாலாலும் பயனில்லை. எலி கைகால் பரப்பிப் படுக்கும், வாயோரம் எச்சிலில் நனையும், பிறகு சுருண்டு விழும். மே மாதம் லூ எனும் அனல்காற்று வீசி வெளியே 45 டிகிரியைத் தொடும் நாட்களில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை கூண்டுக்கு உகந்ததல்ல. வறண்ட மே, ஜூனில் கூலர் உதவும்; ஜூலையில் மழை தொடங்கி ஈரப்பதம் ஏறிய பிறகு கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும், ஏசி வேண்டும். மின்சாரம் போகும் நேரத்துக்குப் படுக்கவைத்த மண்பானை, ஒரு துண்டு கிரானைட், துணியில் சுற்றிய ஐஸ் பாட்டில் ஆகியவை கூண்டுக்குள் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலின் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அடுத்த சிரமம் காற்று. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் நுரையீரலில் ஏற்கெனவே தங்கியிருக்கும். புகையும் தூசியும் அதைக் கிளப்பிவிடும். தில்லியின் அக்டோபர், நவம்பர் மாதக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. கூண்டு இருக்கும் அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, கணப்பு அடுப்பு மூன்றும் கூடாது. தீபாவளி இரவில் ஜன்னலைச் சாத்தி, உள்ளறைக்குக் கூண்டை மாற்றுவது அவசியம். எலியின் காதுக்கு மனிதர் கேளாத ஒலியும் எட்டும் என்பதால், மின்சார சாக்கெட்டில் செருகும் எலி விரட்டிக் கருவியையும் அந்த வீட்டில் வைக்கக் கூடாது.

எலிக்கு உடம்பு சரியில்லை என்பதை மூக்கும் கண்ணும் காட்டிக்கொடுக்கும். அவற்றின் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தால் பலர் ரத்தம் என்று பதறுகிறார்கள். அது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. எப்போதாவது வந்தால் பரவாயில்லை. தொடர்ந்தால் நோயோ மன உளைச்சலோ இருக்கிறது. எலியைக் காதருகே வைத்தால் மூச்சு சத்தமின்றி இருக்க வேண்டும். கறகறவென்று கேட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் எலியைப் பார்ப்பதில்லை. ஆகவே எலி வாங்குவதற்கு முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து வைப்பது நல்லது. வயதான பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி அடிக்கடி வரும்.

உணவில் பெரிய வித்தையில்லை. ஆய்வக எலிகளுக்கான குச்சித் தீவனம், கொஞ்சம் காய்கறி, எப்போதாவது வேகவைத்த முட்டை போதும். சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோலும் ஆகாது. எலியால் வாந்தியெடுக்க முடியாது, தின்ற விஷம் உள்ளேயே நிற்கும். அடுக்குமாடியில் எலி மருந்து வைக்கும் நாளில் வளர்ப்பு எலியை வெளியே உலவ விடக் கூடாது. தெரு எலி மோந்த தட்டும் அதனருகில் வரக் கூடாது. எலிக் காய்ச்சல் என்ற லெப்டோஸ்பைரோசிஸ் தெரு எலியின் சிறுநீர் வழியாக வீட்டுக்குள் வரலாம்.

பழகிய எலி இரண்டு மூன்று ஆண்டு இருக்கும். சலித்துப்போய் யமுனைக் கரையிலோ லோதி தோட்டத்திலோ விட்டால் பருந்தும் பூனையும் அதிக நாள் வைக்காது. தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறுவதும் சரியாக மே, ஜூனில்தான். அந்த வாரங்களில் தினமும் வந்து தண்ணீர் மாற்றி, ஏசி போட ஆள் கிடைக்காதவர்கள் எலி வாங்க வேண்டாம்.