சேர்வராயன் கோயிலுக்குச் செல்லுங் காலம்

நம் கலாசாலை மாணவர்கள் ஆண்டுதோறும் செய்துவரும் உல்லாசப் பிரயாணத்திற்கு இம்முறையும் ஏற்காடே தெரிந்தெடுக்கப்பட்டதென்றும், வழக்கம்போல் பரீட்சைகள் முடிந்தபின் மே மாதத்தில் அது நடைபெறுமென்றும் கேள்வியுறுகிறோம். இடத்தைக் குறித்து எமக்கு ஆட்சேபம் யாதுமில்லை. காலத்தைக் குறித்தே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். சேர்வராயன் மலையை முன்பின் கண்டறியாத ஒருவன் அதனை முதன்முதற் காணவேண்டுவது மாரி ஓய்ந்த குளிர்நாட்களிலேயன்றி வேனிற் காலத்திலன்று என்பது எம் துணிபு. இத்துணிபு நூல்களைப் படித்ததனால் உண்டானதன்று. இரண்டு காலத்தும் சென்று பார்த்து, ஒன்றில் வெட்கமும் மற்றொன்றில் ஆறுதலும் பெற்றமையால் உண்டாயிற்று.

வெட்கத்தை முதலிற் சொல்லிவிடுவோம். யாம் மாணவராயிருந்த காலத்தில் ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ்களில் மலை ஏறினோம். சேலத்திலிருந்து ஏறும் அப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள. பாதிக்கு மேல் வண்டிக்குப் பின் வண்டியாக நின்றுவிட்டமையால், ஏரிக்கரையை அடையும்போதே உச்சிவேளை கடந்துவிட்டது. படகுத்துறையில் நின்ற வரிசையைக் கண்டு திரும்பினோம். கிளியூர் நீர்வீழ்ச்சிக்குப் படியிறங்கிப் போனவர்கள் காய்ந்த பாறையைக் கண்டு ஏறி வந்தார்கள். மாலை நான்கு மணிக்கு, பார்க்கவேண்டிய இடங்களின் ஜாபிதாவில் மீதியிருந்ததால்மட்டும், சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். எம்மிற் சிலர் கைபேசியிற் சினிமாப் பாட்டை உரக்க ஒலிக்கவிட்டவண்ணம், பாதரட்சையோடு குகைவாயில்வரை சென்றுவிட்டனர். அங்கே நின்ற மலைவாசிப் பெரியவர் ஒருவர், “செருப்பைக் கழட்டிக்க கண்ணு, உள்ளே சாமி இருக்குது” என்றார். அவர் குரலிற் சினமில்லை. எம்மில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அதற்குள் பஸ்காரர் ஊதுகுழலை அழுத்தவே ஓடிப்போய் ஏறிக்கொண்டோம். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமென்ற எண்ணம் அயோத்தியாப்பட்டணம் தாண்டிய பிறகே எமக்கு வந்தது.

இதனைக் கூட்டத்தின் குற்றமென்று தள்ளிவிடலாம். ஆனால் அக்கூட்டம் ஏன் மே மாதத்திற் கூடுகிறதென்று சிறிது ஆராய வேண்டாமா? ‘ஸீஸன்’ என்னும் சொல்லை நமக்குக் கற்பித்தவர் ஆங்கிலேயர். குளிர்தேசத்திற் பிறந்த அவர்களாற் கீழ்நாட்டு வெயிலைப் பொறுக்க முடியவில்லை. ஆதலின் சித்திரை பிறந்ததும் மலைகளுக்கு ஓடினார்கள். சென்னை அரசாங்கமே கட்டுக் காகிதங்களோடு உதகமண்டலத்திற்கு ஏறிய காலமுண்டு. ஏற்காடும் அவ்வாறு எழுந்த ஊரே. 1820 முதல் 1829 வரை சேலத்திற் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தார். பின்னர் தோட்டங்களும் பங்களாக்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. மான்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பெற்றது. ஓட்டுக்கூரையும் புகைபோக்கியுமாய் நிற்கும் அப்பழைய வீடுகளைக் காண்கையில், ஐரோப்பியச் சிற்றூரொன்றைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தோற்றம் இன்றும் உண்டு. துரைமார் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. வெயிலிற் பிறந்து வளர்ந்த நாம்மட்டும் அவர்கள் பஞ்சாங்கத்தை விடவில்லை.

ஐரோப்பாவிலேயே நிலைமை மாறிவருகிறது. கோடையில் தாங்கவொண்ணாத கூட்டம் சேர்வதால், வெனிஸ் நகராட்சியார் 2024 முதல் கூட்டம் மிகும் நாட்களிற் பகற்பொழுதுக்கு மட்டும் வருவோரிடம் 5 யூரோ நுழைவுக்கட்டணம் வசூலிக்கத் தொடங்கினர். அதே ஆண்டு மே மாதத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் கட்டளைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டது. பழைய நகரங்களை முதன்முறை காணச் செல்வோர் பலர் குளிர்காலத்தையே இப்போது நாடுகின்றனர். அங்கே அதற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு: டிசம்பரில் லண்டன் மாநகரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வெனிஸிலோ கடல்நீர் பெருகி வீதிகளிற் புகும் பருவம் அதுவே. சேர்வராயன் மலையில் தை மாதத்திலும் ஆறு மணிவரை வெளிச்சமிருக்கும். அவர்கள் நாட்டிற் பெய்வதும் பனி, நம் புல்நுனியில் நிற்பதும் பனி என்று ஒரே சொல்லால் வழங்குகிறோம். நமது பனி எட்டு மணிக்கு மேல் நிற்பது அரிது என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி ஆறுதலைச் சொல்வோம். சென்ற ஆண்டுகளில் ஒரு தை மாதம் யாம் நால்வர் மட்டுமாகச் சென்றோம். கிளியூரில் நீர் விழுந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து அது விழும் ஓசை படிகளின் பாதியிலேயே கேட்டது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி அதற்கு நீரூட்டுகிறது. ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடென்னும் பெயராயிற்று என்பர். மே மாதத்திற் சென்றபோது இரண்டையும் யாம் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்குங் காலம் அது. சில்வர் ஓக் மரங்களின் நிழலிற் செடிதோறும் செக்கச்செவேலென்று பழம் பிடித்திருக்க, பெண்டிர் இடுப்பிற் பையைக் கட்டிக்கொண்டு பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொய்தனர். களங்களில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. அதன் மணம் நாம் விடுதியிற் குடிக்கும் காப்பியின் மணமன்று. புளித்த பழமும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாடை. ஆரஞ்சுப் பழமும் அப்போதே வரும். வேனிலிற் செல்பவன் காண்பது கடைகளில் விற்கும் காப்பிப்பொடி மாத்திரமே. மலை தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் காண்பது வேறு, அது விருந்தினருக்குக் கடை விரித்திருப்பதைக் காண்பது வேறு.

சேர்வராயன் கோயில் ஏரியிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில், 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நடந்தே போனோம். மேலே மரமில்லாத பரந்த மேடு; செம்மண்; இடைவிடாத காற்று. கோயிலென்றதும் கோபுரத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். தலைகுனிந்து புகவேண்டிய ஒடுங்கிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகையின் வழி காவிரிவரை செல்கிறதென்று மலைவாசிகள் நம்புகின்றனர். காவிரிக்கும் இக்குகைக்கும் இடையே எத்தனை காதமென்று கணக்கிட்டு நகைப்பது எளிது. ஆனால் இம்மலையிற் பெய்யும் மழை சமவெளிக்கு இறங்கியே ஆகவேண்டும். நீர் எங்கிருந்து வருகிறதென்று நினைத்துப் பார்த்தவர்கள் கட்டிய கதை அது என்றே எமக்குத் தோன்றிற்று.

அம்மக்களைப்பற்றி நம் மாணவரிடையே உள்ள ஒரு தவற்றையும் இங்கே திருத்தவேண்டும். அவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படுவதால் கேரளத்தினின்று வந்தவரென்று பலர் எண்ணுகின்றனர். மலையை ஆள்பவர் என்பதே இங்கே அச்சொல்லின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தினின்று சகோதரர் மூவர் புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிற் குடியேறினரென்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இவர்கள் தொகை 3,50,000க்கு மேல். இம்மாநிலத்துப் பழங்குடிகளுள் இவர்களே மிகுதியானோர். ஏற்காட்டைக் ‘கண்டுபிடித்தவர்’ துரைமாரென்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதும்போது, அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களைக் கண்டுபிடிக்க அவை மறந்துவிடுகின்றன. இவ்விஷயத்தில் அத்துரைமாருள் ஒருவரே நமக்கு நல்ல சாட்சி. 1863இல் பல்லாவரத்திற் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர், பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வசித்தார். மெருகிட்ட புதிய கற்காலக் கோடரிகள் பலவற்றை இம்மலையில் அவர் திரட்டினார். சிறு கோயில்களில் தெய்வமாக வைத்து வழிபடப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பூட் 1912இற் காலமானார். ஏற்காட்டிலுள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் இருக்கிறது. மிஷன் கலாசாலை மாணவர் அவ்வாலயத்தையும் சேர்வராயன் குகையையும் ஒரே நாளிற் காண்பது பொருத்தமென்று கருதுகிறோம்.

அம்மேட்டின் செம்மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. அதில் அலுமினியத்திற்குரிய பாக்சைட் இருந்தமையால், மேட்டூர் ஆலைக்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். சாமி இருக்கும் மலையைச் சாமான் இருக்கும் மலையாகக் கண்டவர் நாம் மட்டுமல்லர்.

எம் கொள்கைக்கு வலுவான தடை ஒன்றுண்டு; அதை மறைக்கமாட்டோம். சேர்வராயனுக்குத் திருவிழா நடப்பதே மே மாதத்தில்! பல மலையூர்களினின்றும் மக்கள் அன்று திரள்வர். அப்படியிருக்க வேனிலில் போகவேண்டாமென்பது முறையா? திருவிழாவைக் காணவே ஒருவன் போவானாயின் யாம் தடுக்கோம். அவன் முதல்நாளே சென்று, கூட்டத்தில் ஒருவனாய் நின்று, தொழுது வருவானாக. ஆனால் அறியாத வீட்டிற்கு முதன்முதற் போகிறவன் கல்யாணத்தன்று போனால், வீட்டார் அவனோடு பேசுவதற்கு நேரமேது? அமைதியான ஒருநாளிற் போய் அறிமுகமானபின் கல்யாணத்திற்குப் போகட்டும்.

குளிரும் மூடுபனியும் காட்சியை மறைக்குமென்று பிரயாணச் செயலாளர் கூறுகிறார். விடியலில் உண்மைதான், இரவில் வெப்பம் 12, 13 பாகைக்கு இறங்குவதுமுண்டு. பத்து மணிக்குள் வானம் தெளிந்துவிட்டது. ‘லேடீஸ் ஸீட்’ என்னும் முனையிலிருந்து சேலம் நகரம் முழுவதையும் யாம் பார்த்தோம். வேனிலிலோ கீழ்நாட்டுப் புழுதியும் வெக்கையும் சேர்ந்து அதனை மங்கச்செய்கின்றன. பெற்றோர் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை எதிர்பார்ப்பரென்ற தடை நியாயமானது. ஆகையால் டிசம்பரை யாம் கேட்கவில்லை. டிசம்பர்த் தொடக்கம் வேறொரு காரணத்தாலும் ஆகாது. 2024ஆம் ஆண்டு அம்மாதத் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோயிற்று. பொங்கல் கழிந்த இரண்டாம் வாரமே உசிதம்.

இரண்டு பஸ் வேண்டாம், நாற்பதுபேர் போதும். ஞாயிறன்று, வாரநாளிற் செல்க. ரயிலில் விடியுமுன் சேலம் சந்திப்பை அடைந்தால், பஸ் ஏறிக் காலைப் பலகாரத்தை ஏரிக்கரையில் உண்ணலாம். ஓரிரவு தங்குவது அவசியம். ஒரே நாளில் ஏறி இறங்குவோர் வளைவுகளை எண்ணுவதன்றி வேறொன்றும் செய்வதற்கில்லை. முதல்நாள் நீர்வீழ்ச்சியும் தேவாலயமும். மறுநாள் பனி விலகியதும் கோயிலுக்கு நடை. கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். மேட்டில் வீசும் காற்றுக்குத் தலைக்குட்டையும் வேண்டும். தை மாதத்திற் சென்றபோது அப்பெரியவரை யாம் தேடினோம், காணவில்லை. குகைவாயிலில் வேறொருவர் இருந்தார்; அவரிடம் பழைய செய்தியைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, திருநீறு எடுத்துத் தந்தார். மாணவர்கள் எளிதிற் கழற்றக்கூடிய பாதரட்சையே அணிந்து வருவது நலம்.