வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கலாம். வியர்வையை யார் கொடுப்பது?

ஒரு மந்திரி. பாண்டிய மன்னனின் மந்திரி. குதிரை வாங்கி வரும்படி மன்னன் அவரிடம் பொன் கொடுத்து அனுப்பினான். வழியில் ஒரு குருந்த மரம். அதன் அடியில் ஒரு குரு. மந்திரி அங்கேயே நின்றுவிட்டார். குதிரைப் பணம் கோவில் பணம் ஆயிற்று!

அந்த மந்திரிதான் மாணிக்கவாசகர். அந்த இடம் திருப்பெருந்துறை. புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அருகே உள்ள இன்றைய ஆவுடையார்கோவில்.

இப்படிக் கதை சொல்லும் ஊருக்கு, குருவின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்று வேறு ஒரு குரு வந்திருக்கிறார். அவர்தான் தேகப்பயிற்சி வாத்தியார். "டிரெயினர்" என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். ஒருவருக்கென்று தனியாக வந்து சொல்லிக் கொடுப்பார். மாதச் சம்பளம் வாங்குவார்.

அந்தப் பணத்துக்குப் பலன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லோருக்கும் அல்ல. எல்லாக் காலத்துக்கும் அல்ல.

மன்னரும் கைதியும்

தனி வாத்தியார் வைப்பது புதிய பழக்கம் அல்ல. கையில்லாத பனியனைச் "சாண்டோ பனியன்" என்கிறோம். யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர் அது. 1897-ல் அவர் லண்டனில் பயிற்சிக்கூடம் திறந்தார். பிறகு இந்தியாவுக்கும் வந்து பலம் காட்டினார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமது தேகப்பயிற்சி ஆசிரியராக நியமித்தார். நம் பட அதிபர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலும் "சாண்டோ" ஒட்டிக்கொண்டது.

இன்னொருவர் வங்காளத்து மனோகர் ஐச். உயரம் 5 அடிகூட இல்லை. வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனார். சிறையிலே விடாமல் பயிற்சி செய்தார். 1952-ல் "மிஸ்டர் யுனிவர்ஸ்" பட்டம் வென்றார்! நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 2016-ல் மறைந்தார்.

மன்னருக்குச் சம்பள வாத்தியார் கிடைத்தார். கைதிக்கு யார் கிடைத்தார்? அவருடைய பிடிவாதம்தான்.

ஏற்றம் போயிற்று

"வயலில் உழைக்கிறவனுக்குப் பயிற்சி எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்றம் இறைத்த கை இன்று மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறது. உரல் இடித்த கை மிக்சியைத் திருகுகிறது. அறந்தாங்கிக்கு நடந்த கால் மோட்டார் சைக்கிளில் போகிறது.

2022-ம் ஆண்டு நிலவரப்படி, நம் நாட்டில் வயது வந்த பெண்களில் 100-க்கு 57 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 பேர். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மருந்து என்ன? பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும்.

நடப்பதற்கு வாத்தியார் வேண்டாம். கண்மாய்க்கரை போதும். ஆனால் தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் ஆகியவற்றை முறை தெரியாமல் செய்தால் முதுகு பிடிக்கும், முழங்கால் வலிக்கும். அங்கேதான் வாத்தியார் தேவை.

ஒரு கணக்கு

வாத்தியார் மாதம் 6,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 நாள் வருகிறார். ஒரு நாளுக்கு 500 ரூபாய். ஒரு வருடத்துக்கு 72,000 ரூபாய்! நடுத்தரக் குடும்பம் தாங்குமா?

இரண்டு மாதம் மட்டும் வைத்தால் 12,000 ரூபாய். அதற்குள் பத்துப் பயிற்சிகளைப் பிழையின்றிக் கற்றுக்கொள்ளலாம். பிறகு வீட்டுத் திண்ணையே பயிற்சிக்கூடம். சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தவரை ஆயுள் முழுவதும் பின்னால் ஓடி வரச் சொல்கிறோமா?

யாருக்கு முதல் இடம்?

வீட்டில் இருபது வயது மகன் இருக்கிறான். மார்பு அகல வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஐம்பது வயதுத் தாயும் இருக்கிறாள். சர்க்கரை, முழங்கால் வலி. பணம் ஒருவருக்குத்தான் உண்டு. யாருக்குக் கொடுப்பது?

மகனுக்கு என்றுதான் பல வீடுகளில் முடிவாகும். தாய் வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் தேவை அவளுக்கே! தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தொடை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுகூட அவளுக்கு நல்ல பயிற்சிதான். அதை முறையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பெண் வாத்தியார் கிடைத்தால் இன்னும் நல்லது. மகன் அருகில் நின்று பார்த்துத் தானும் கற்கலாம்.

இதய நோய் உள்ளவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். பக்கவாதத்தில் விழுந்தவருக்குத் தேவை டிரெயினர் அல்ல, பிசியோதெரபி. அதை வீடு தேடி வந்து கொடுப்பதற்காகவே, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இடம் வைத்தார்கள்.

இவரை நம்பலாமா?

நல்ல வாத்தியார் முதலில் கேள்வி கேட்பார். ரத்த அழுத்தம் உண்டா, பழைய அடி உண்டா என்று விசாரிப்பார். எங்கே படித்தார் என்பதைத் தயங்காமல் சொல்வார். "ஒரே மாதத்தில் 15 கிலோ குறைக்கிறேன்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். ஊசி, மாத்திரை என்று பேச்செடுத்தால் கதவையே சாத்திவிட வேண்டும்.

குரு வழியைக் காட்டுவார். நடக்க வேண்டியது நம் கால்தான். சம்பளம் கொடுத்தால் வாத்தியார் வருவார். வியர்வைக்குக் கூலி ஆள் கிடையாது!