கார் கதவில் என்ன எழுதலாம்?

ஓசூரிலிருந்து தளி போய், அங்கிருந்து ஜவளகிரி ரோட்டில் திரும்பியதும் எதிரே வருகிற கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ரெண்டு வகைக் கார் வரும்.

முதல் வகை, பளபளக்கும் பெரிய வண்டி. முன் கண்ணாடியில் தலைவர் படம், பானெட்டில் கொடி, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஏதோ ஒரு அணியின் ஒன்றியத் துணைச் செயலாளர் என்று தங்க எழுத்து. அந்த வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினாலும் சல்யூட் அடிக்கத்தான்.

இரண்டாவது வகை, பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடிக் களைத்த மாருதி. கதவில் பச்சைக் கலரில் ஒரு தக்காளிச் செடி, அதன் வேரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். 'சொட்டுநீர்ப் பாசன சாமான்கள் கிடைக்கும்'. கீழே செல் நம்பர். இந்த வண்டிதான் ஓரங்கட்டப்படும். "என்னப்பா, சொந்த வண்டியில விளம்பரமா? பர்மிஷன் வாங்கியிருக்கியா?"

எந்த பர்மிஷன்? யாரிடம் வாங்குவது? எந்த படிவம்? கேட்டவருக்கும் தெரியாது, கேட்கப்பட்டவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தானே பேரம் தொடங்கும்!

இந்த மாருதிக்காரர் ஏன் கதவில் எழுதுகிறார் என்று முதலில் பார்ப்போம். ஜவளகிரி ஒரு எல்லைக் கிராமம். ஒரு பக்கம் காடு. பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் வருஷா வருஷம் ராகி விளையும் காலத்தில் இந்த வழியாகத்தான் நம்ம பக்கம் வருகிறது. இன்னொரு பக்கம் பசுமைக் குடில்களில் ரோஜா, வெளியே கோஸ், தக்காளி. கொஞ்சம் தள்ளிப் போனால் 1970-களிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும் ஓசூர் சிப்காட். இப்போது கேளமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வேறு. ஆயிரக்கணக்கில் ஆள் வரும் இடத்தில் சின்னச் சின்னத் தொழில் முளைக்கத்தானே செய்யும்? டிபன் கொண்டு போய்க் கொடுப்பவர், ஹாஸ்டலுக்குக் கட்டில் மெத்தை போடுகிறவர், போர்வெல் மோட்டார் ரிப்பேர்காரர், கல்யாண வீட்டுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். இவர்களில் பாதிப் பேருக்குக் கடையே கிடையாது. வீட்டுத் திண்ணை, ஒரு செல்போன், ஒரு பழைய கார். அவ்வளவுதான் மூலதனம்.

கடை இல்லாதவன் போர்டை எங்கே மாட்டுவான்? ஓசூர் ஹைவேயில் பெரிய விளம்பரப் பலகைக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் அவர் அந்த மாசம் சாப்பிட முடியாது. "இன்ஸ்டாகிராம்ல போட வேண்டியதுதானே" என்கிறீர்களா? போடுகிறார். அங்கேயும் நாலு பேர் கண்ணில் பட வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். அந்தக் காசு ஜவளகிரியில் நிற்காமல் கலிபோர்னியாவுக்குப் போகிறது. கார் கதவு ஒன்றுதான் அவருக்கு வாடகை இல்லாத இடம்.

இது ஒன்றும் புதுசு இல்லை. மாட்டு வண்டியின் ரெண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு, சினிமா நோட்டீஸ் வீசிப்போன ஊர் இது. 'பிரசவத்துக்கு இலவசம்' என்று ஆட்டோவின் முதுகில் எழுதி வைத்த ஊர். அதைவிட நல்ல விளம்பர வாசகம் எந்த ஏஜென்சிக்காரர் எழுதியிருக்கிறார்? அமெரிக்காவில் ஆஸ்கர் மேயர் என்கிற இறைச்சிக் கம்பெனி 1936-இலேயே சாசேஜ் வடிவத்தில் ஒரு காரைக் கட்டி ஊர் ஊராக ஓட்டியது. மேரி கே என்கிற அழகுசாதன கம்பெனி 1969-லிருந்து நன்றாக விற்பவர்களுக்கு ரோஸ் கலர் கேடிலாக் கொடுக்கிறது. கலரைப் பார்த்தாலே கம்பெனி தெரிந்துவிடும். பெரிய கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் பிராண்டிங். தளி ரோட்டுக்காரர் செய்தால் அத்துமீறலா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், சொந்தக் கார் கதவில் சொந்தத் தொழிலின் பெயரை எழுதக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. சட்டம் கறாராக இருக்கும் இடங்கள் வேறு. நம்பர் பிளேட்டில் நம்பரைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி வெளிச்சத்தை விட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் கலர் பதிவாகியிருக்கிறது. முழு வண்டியையும் ஸ்டிக்கரால் மூடி வெள்ளைக் காரை மஞ்சளாக்கினால் அது வேறு கதை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஸ்டிக்கரைவிட ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். யாரும் படிக்காத பக்கம்தான், இருந்தாலும் படியுங்கள். சொந்தக் கார் பாலிசியில், வாடகைக்கு ஓட்டக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். சரக்கில் மாதிரிப் பொருளுக்கும் சொந்த லக்கேஜுக்கும் மட்டும் விலக்கு. அதாவது, நம்ம மாருதிக்காரர் டிக்கியில் ரெண்டு அடி சொட்டுநீர்க் குழாயை 'சாம்பிள்' என்று கொண்டு போனால் தப்பில்லை. பத்து சுருள் கொண்டு போய் அந்த நேரம் விபத்து நடந்தால், "இது சரக்கு, கிளெய்ம் கிடையாது" என்று கம்பெனி கைவிரிக்க வழி இருக்கிறது. சர்வேயர் வந்து முதலில் எதை போட்டோ எடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? கதவைத்தான். அதில் 'வீட்டுக்கே டெலிவரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அவருக்கு எதிரான சாட்சியை அவரே காசு கொடுத்து ஒட்டிக்கொண்டு திரிகிறார் என்று அர்த்தம்.

சட்டத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. சரக்கு வண்டியாகக் கட்டப்படாத வாகனமும் சரக்கு ஏற்றும்போது சரக்கு வண்டிதான் என்கிறது 2-ஆம் பிரிவு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே வேண்டாம் என்கிறது 66-ஆம் பிரிவு. ஒரு கை பிடிக்கிறது, ஒரு கை விடுகிறது. நடுவில் நிற்பவன் எட்டாம் கிளாஸ் படித்த மோட்டார் மெக்கானிக். அவன் எந்தக் கையைப் பார்ப்பான்?

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். "ஏற்கனவே ஊரெல்லாம் பிளெக்ஸ், இதில் காரையும் போர்டாக்கணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கிச் செத்தார். 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளிகள் போனார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி ராட்சசப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007 ஜனவரியிலிருந்து இந்தக் குப்பையே வேண்டாம் என்று தெருவோர விளம்பரத்தை மொத்தமாக வழித்துப் போட்டது. பஸ், டாக்சி மேல் இருந்ததைக்கூட விடவில்லை. அந்த மாதிரி எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று இங்கே போட்டால் நானும் கை தட்டுவேன். ஆனால் கொல்லுகிற பலகையை நிற்கவிட்டு, யார் தலையிலும் விழ முடியாத கார் கதவைச் சுரண்டச் சொல்வது என்ன நியாயம்?

2017 மே 1 முதல் காரின் தலையில் சிவப்பு விளக்கு கூடாது என்றானது. விளக்கு போனது, வீம்பு போகவில்லை. ஸ்டிக்கராக இறங்கி நம்பர் பிளேட்டில் உட்கார்ந்துகொண்டது. பிரஸ், போலீஸ், அட்வகேட், தலைமைச் செயலகம்... இது தாங்காமல்தான் சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் முதல் தடவைக்கு 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500 என்று அபராதம் போட ஆரம்பித்தது. நல்ல வேலை. அந்த ஸ்டிக்கர் சொல்வது 'என்னை நிறுத்தாதே' என்று. மாருதிக்காரரின் ஸ்டிக்கர் சொல்வது 'என்னைக் கூப்பிடு' என்று. தன் செல் நம்பரைக் கதவில் எழுதியவன் சிக்னலைத் தாண்டிவிட்டு எங்கே ஓடி ஒளிய முடியும்?

ஜவளகிரிக்காரருக்கு மட்டும் உள்ள இன்னொரு தலைவலி, பாஷை. அவருடைய வாடிக்கையாளர் பாதிப் பேர் ஆனேக்கல் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ் என்று வாழ்கிற ஊர் அது. கடைப் பலகையென்றால் தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 கணக்கு. கர்நாடகத்தில் 2024 முதல் 60 சதவீதம் கன்னடம் சட்டப்படி கட்டாயம். அதற்கு முன்னால் 2023 டிசம்பரில் பெங்களூரில் இங்கிலீஷ் போர்டுகளை அடித்து நொறுக்கினார்கள். இதெல்லாம் நிற்கிற கடைக்கு. காலையில் இந்த மாநிலம், மத்தியானம் அந்த மாநிலம் என்று உருளுகிற கடைக்கு எந்தக் கணக்கு?

2016 செப்டம்பர் 12-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் பஸ்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் எரிந்தன. டி.என். என்ற ரெண்டு எழுத்தே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்ட எல்லையில் ஒருவர் தன் காரின் இடது கதவில் தமிழிலும் வலது கதவில் கன்னடத்திலும் தன் தொழிலை எழுதிக்கொண்டு தினம் போய் வருகிறார் என்றால், ரெண்டு முதலமைச்சர்கள் பேச வேண்டியதை அவர் ஸ்டிக்கர் கடைக்காரரை வைத்து முடித்துவிட்டார்!

ஸ்டிக்கர் ஒட்டுகிற அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பின் கண்ணாடியை விடுங்கள், தயவுசெய்து. அந்தத் துளைத் துளையான ஸ்டிக்கர் கிட்டத்தட்ட பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் வர வேண்டும் என்பது விதி. இதைக் காட்டித்தான் 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கறுப்பு பிலிமுக்குத் தடை போட்டது. 2024-இல் கேரள ஹைகோர்ட் பிலிம் ஒட்டலாம் என்றபோதும் அந்த அளவுக்குள் இருந்தால்தான் என்றது. ஜவளகிரிக் காட்டுப் பாதையில் இருட்டில் பின்னாடி யானை நிற்பது தெரியாமல் ரிவர்ஸ் எடுக்கப் போகிறீர்களா? அப்புறம், கல்யாணப் பத்திரிகை மாதிரி தாத்தா பெயர் வரைக்கும் எழுதாதீர்கள். ஓடுகிற வண்டியில் மூன்று வார்த்தை, ஒரு நம்பர். அதற்கு மேல் எவனும் படிக்க மாட்டான்.

போக்குவரத்துத் துறைக்கு நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். எந்தக் கதவில், எத்தனை அடிக்கு, வருஷத்துக்கு என்ன கட்டணம், தன் தொழிலுக்கான பொருளைச் சொந்தக் காரில் எவ்வளவு கிலோ வரை கொண்டு போகலாம், அதற்கு இன்ஷூரன்ஸில் எவ்வளவு கூடுதல் பிரீமியம். இதில் கடைசி விஷயத்தை டெல்லியில் இருப்பவர்களோடு பேசி முடிக்க வேண்டும், பேசுங்கள். அந்தப் பக்கத்தைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அச்சடித்து ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள். மாருதிக்காரர் காசோடு வந்து வரிசையில் நிற்கத் தயார். எந்த கவுண்டர் என்று மட்டும் சொல்லுங்கள்.