படத்தில் நிறைவேறிய மனோரதம்

கண்ணெதிரே இருப்பதைத்தான் கேமரா பிடிக்கும். மனசு ஆசைப்பட்டதைப் பிடிக்காது. ராஜஸ்தானில் உள்ள நாத்துவாராவின் ஓவியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

மதுரா அருகே கோவர்த்தனத்தில் இருந்த ஸ்ரீநாத்ஜி, 1672-ல் நாத்துவாராவுக்கு வந்து குடிகொண்டார். இடது கையை உயர்த்தி மலையைத் தாங்கும் கண்ணன் அவர். அவருக்கு விசேஷ சேவை செய்துவைக்கும் பக்தர்கள், அதன் நினைவாகப் படம் எழுதி வாங்கிப் போவார்கள். அந்தப் படத்துக்குப் பெயரே 'மனோரதம்'.

ஸ்டூடியோ போட்டோ பரவிய பிறகு, ஓவியர்கள் பக்தர்களின் முகங்களை போட்டோவிலிருந்து வெட்டி படத்தில் ஒட்டினார்கள். உடை, நகை, கூப்பிய கை எல்லாம் தூரிகை வேலை. ஒட்டியது தெரியாமலிருக்க முகத்திலும் லேசாக வர்ணம்.

சுவாமி ஓவியம், பக்தர் போட்டோ. இருவரும் ஒரே சந்நிதியில்! குடும்பம் மொத்தமும் ஒரே நாளில் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை. நடக்க முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பாட்டிக்கும், ஒரு போட்டோ இருந்தால் போதும், சுவாமி பக்கத்தில் இடம் உண்டு.

கேமராவின் கணக்கில் அது நடக்காத காட்சி. பாட்டியின் கணக்கிலோ, தரிசனம் ஆயிற்று.