காந்தக் கணக்கில் ஒலிபெருக்கிக்கும் ஒரு பங்கு

மாண்புமிகு ஒன்றியக் கனரகத் தொழில்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,



நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் என்னுடையது. கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வீடு என்று எங்கள் பெட்டிகள் போகாத இடமில்லை. காயில், அதாவது கம்பிச்சுருள், கருகிய ஒலிபெருக்கி யூனிட்டுகளைப் பிரித்து, சுருளும் கோனும் மாற்றி ‘ரீகோன்’ செய்து தரும் சிறு பட்டறையும் வைத்திருக்கிறேன். காந்தத்தைத் தினமும் கையில் எடுக்கிறவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 26 அன்று, அருமண் நிலைக்காந்தங்களை இந்தியாவிலேயே செய்வதற்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம், அதிகபட்சம் ஐந்து நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,200 டன் வரை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் மனம் நிறைந்தது. பிறகு அதைப் பற்றி வந்த பேச்சையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். மின்சார வண்டி, காற்றாலை, விமானம், ராணுவம் என்றே எல்லோரும் பேசினார்கள். மின்னணு என்ற ஒரு சொல் இருந்தது, அதற்குள் நாங்களும் அடங்குவோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒலிபெருக்கி என்று பெயர் சொல்லி யாரும் பேசக் காணோம்.

ஒலிபெருக்கி என்பது ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஆடும் ஒரு கம்பிச்சுருள், அது அசைக்கும் ஒரு கோன். காந்தம்தான் அதன் உயிர். எங்கள் தொழிலில் இன்று இரண்டு வகைக் காந்தங்கள் உண்டு. ஒன்று ஃபெரைட். கறுப்பாக, தோசைக்கல் போல அகலமாக, கனமாக இருக்கும். இரும்பு ஆக்சைடும் ஸ்ட்ரான்சியமும் சேர்ந்தது, விலை மலிவு, நம் நாட்டிலேயே செய்கிறார்கள். இன்னொன்று நியோடிமியம் என்ற அருமண் சேர்ந்தது, எங்கள் வாயில் ‘நியோ’. ஒரே பருமனுக்குப் பார்த்தால் ஃபெரைட்டைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு காந்த ஆற்றல் அதற்கு. ஃபெரைட் வைத்த 15 அங்குல யூனிட் ஒன்று பத்து கிலோவை ஒட்டி இருக்கும். அதே வேலை செய்யும் நியோ யூனிட் அதில் பாதிதான்.

தரையில் வைக்கும் பேஸ் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக அந்தரத்தில் தொங்கவிடும் லைன் அரே பெட்டிகளுக்கு எடைதான் எல்லாம். 2000-இல் ஒலிபெருக்கி நிறுவனமான ஜேபிஎல் கொண்டுவந்த வெர்டெக் 4889 பெட்டியில் இரண்டு 15 அங்குல யூனிட், நான்கு 8 அங்குல யூனிட், மேல்ஒலிக்கு மூன்று டிரைவர்கள். மொத்த எடை 72 கிலோ. நியோ காந்தம் இல்லாமல் அந்த எடை சாத்தியமில்லை. பத்துப் பெட்டி தொங்கினால் ட்ரஸ், செயின் மோட்டார், லாரி, தூக்குகிற ஆள் என்று எல்லாக் கணக்கும் அந்த எடையில் நிற்கிறது. என்னிடம் பெட்டி தூக்கும் பையன்களின் முதுகும் அந்தக் கணக்கில் உண்டு ஐயா. பழைய கனத்த பெட்டிகளைத் தூக்கி இடுப்பு போன மூத்தவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

காந்தம் விலை ஏறினால் யூனிட் விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதானே என்று அதிகாரிகள் யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். விலை மட்டும் ஏறினால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். காந்தம் மாறும்போது மாடல்களே மாறிவிடுகின்றன. அகலமான ஃபெரைட்டுக்கு ஒரு சட்டகம், சிறிய நியோவுக்கு வேறு சட்டகம். சூடு ஏறினால் சாதாரண நியோ தன் பலத்தை இழக்கும் என்பதால் காற்று போக வழி செய்ய வேண்டும். பெட்டியின் ஆழம், தொங்கவிடும் கொக்கிகளின் இடம், ப்ராசஸரில் ஏற்றிய அளவீடுகள் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. பழைய மாடலுக்கு உதிரிப்பாகம் நின்றுபோகும். அதை வாங்கி வைத்தவன் தெருவில் நிற்பான்.

இது புதிதும் அல்ல. 1978 மே மாதம் ஆப்பிரிக்காவின் அன்றைய ஜயீர் நாட்டில், ஷாபா மாகாணத்தில், கிளர்ச்சிப்படை கோல்வேசி நகரைப் பிடித்தது. உலகுக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியது. அன்றைய உயர்தர ஒலிபெருக்கிகளில் இருந்ததோ அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ காந்தம். சில ஆண்டுகளுக்குள் பெரிய கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறின. ஜேபிஎல்லின் 2231ஏ என்ற 15 அங்குல யூனிட் 2231எச் ஆனது. ஒலி கெடாமல் இருக்க அவர்கள் காந்தச் சுற்றையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்க ஊரில் நடந்த சண்டை, கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டின் கடைசி எழுத்தை மாற்றியது. பழைய ஏ யூனிட்டா, புதிய எச் யூனிட்டா என்று எங்கள் தொழிலில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தைக் கண்டார்கள். அதில் கோபால்ட் தேவைப்படவில்லை, நிம்மதி என்று உலகம் நினைத்தது. பிறகு உற்பத்தி மெல்ல மெல்லச் சீனாவுக்குப் போனது. 2010-இல் சீனா அருமண் ஏற்றுமதி ஒதுக்கீட்டைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானோடு தீவுத் தகராறும் சேர்ந்துகொண்டது. 2011 நடுவில் நியோடிமியம் விலை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைப் போலப் பத்து மடங்கையும் தாண்டியது. நியோவுக்கு மாறியிருந்த யூனிட் கம்பெனிகள் அவசர அவசரமாக ஃபெரைட் மாடல்களைத் திரும்பக் கொண்டுவந்தன. விலை இறங்கியதும் எல்லோரும் மறந்தார்கள்.

2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, அந்தப் பழைய கதை என் கடை வாசலுக்கே வந்தது. சித்திரைக் கொடைகள் முடிந்த கையோடு, தொங்கவிடும் எட்டுப் பெட்டிகளில் நான்கு யூனிட்டுகள் மாற்ற வேண்டியிருந்தது. வியாபாரி தந்த விலைப்பட்டியல் ஒரு வாரத்துக்கு மட்டுமே செல்லும் என்றார். மறுவாரம் நியோ இல்லை, வேண்டுமானால் ஃபெரைட் தருகிறேன் என்றார். யூனிட்டுக்கு ஐந்து கிலோ கூடும். பெட்டியின் பாரம் பின்பக்கம் சாயும், தொங்கும் கோணம் மாறும், மற்றப் பெட்டிகளோடு ஒலி சேராது. நான்கு யூனிட்டுக்காக எட்டுப் பெட்டிகளும் அந்தப் பருவம் முழுக்கச் சாக்கு மூடிக் கிடந்தன. நான் வேறு ஊரிலிருந்து வாடகைக்கு எடுத்து என் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தேன்.

என்னைவிடப் பெரிய அடி ஒலிபெருக்கி செய்கிறவர்களுக்கு. 21,000-க்கும் மேற்பட்ட வேலைகள் ஆபத்தில் இருப்பதாக மின்னணுத் தொழில் அமைப்பான எல்சினா அப்போதே எச்சரித்தது. காந்தம் கிடைக்காததால் முழுமையாகச் சேர்த்து முடித்த ஸ்பீக்கர்களையே சீனாவிலிருந்து இறக்கும் நிலை வருகிறது என்றும் சொன்னது. காந்தத்தைத் தடுத்தால் போதும், கோன் ஒட்டும் கையும் காயில் சுற்றும் கையும் தானாக நின்றுவிடும்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். என் கடையிலிருந்து மணவாளக்குறிச்சிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் தடம் பிடித்து வந்து, அருமண் அடங்கிய மோனசைட்டைக் கண்ட கரை அது. இன்று அங்கே ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கிறது. நாட்டில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. மணல் பிரிக்கிறோம், சத்ரபூரில் அருமண்ணை எடுக்கிறோம், ஆலுவாவில் சுத்திகரிக்கிறோம். ஆனால் விசாகப்பட்டினத்து ஆலையில் ஆண்டுக்கு 3,000 கிலோ வரை சமேரியம் கோபால்ட் காந்தம் செய்வதைத் தவிர, காந்தம் வரை போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் உங்கள் திட்டம் வந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நம் மோனசைட்டில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் உண்டு. டிஸ்புரோசியமும் டெர்பியமும் எடுக்கும் அளவுக்கு இல்லை. மின்சார வண்டியின் மோட்டார் கடும் சூட்டில் ஓடுவதால் அதன் காந்தத்துக்கு அந்தக் கனவகைத் தனிமங்கள் வேண்டும். நன்றாகக் காற்றோட்டம் செய்த பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்குச் சாதாரணத் தர நியோவே போதும். முழுக்க நம் மணலை வைத்தே செய்து முடிக்கக்கூடிய காந்தம் என்று ஒன்று இருந்தால், ஒலிபெருக்கிக் காந்தம் அந்த வரிசையில் முன்னால் நிற்கும். புதிய ஆலைகள் கைப்பழக்கம் பெறவும் அது ஏற்ற சரக்கு.

மணல் எடுப்பதைப் பற்றி என் ஊர்க்காரர்களின் பயத்தை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு மனமில்லை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். கதிர்வீச்சு, கடலரிப்பு, புற்றுநோய் என்று அவர்கள் சொல்லும் காரணங்களை நான் திருவிழா மேடைகளுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். எனக்குக் காந்தம் வேண்டும் என்பதற்காக அவர்கள் வாயை அடைக்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் பேசுவதும் என் மைக்கில்தான். அவர்கள் ஒப்புக்கொள்ளாத இடத்தில் தோண்ட வேண்டாம்.

தோண்டாமல் கிடைக்கும் காந்தமும் இருக்கிறது. என் பட்டறையில் ஒரு சாக்கு நிறையச் செத்த நியோ யூனிட்டுகள் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் அவற்றை இரும்பு விலைக்கு எடுத்துப்போவார். உலையில் நியோடிமியம் கசடோடு போய்விடும். முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பு என்று அறிவேன். ஊர்தோறும் இருக்கும் ரீகோன் பட்டறைகளைச் சேகரிப்பு மையங்களாக அதில் சேர்க்க அவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

உங்களிடம் நான் நேரடியாகக் கேட்பது ஒன்றுதான். ஆயிரம் டன் வாங்கும் கார் கம்பெனிக்கு ஆலை வாசலிலேயே சரக்கு கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு டன் வாங்கும் ஒலிபெருக்கிப் பட்டறைக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். காந்த ஆலைகளுக்கு விற்பனையைப் பொறுத்து ஊக்கத்தொகை தரப்போகிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில், உற்பத்தியில் ஒரு பங்கைச் சிறு அளவுகளில், உள்நாட்டு ஒலிபெருக்கித் தொழிலுக்கு, அறிவிக்கப்பட்ட விலையில் விற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள் ஐயா.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் ஒலிபெருக்கித் தொழில் செய்யும் ஒருவன்