கிராம சபையில் நாம் எங்கே?

வித்துரா பஞ்சாயத்தில் எந்த நிலம் என்ன ஆகப் போகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ரப்பர் வெட்டப் போகிறவர்களா? ரோட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களா? மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருக்கும் குடும்பங்களா? இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீர்மானிக்கும் இடங்களில் ஒன்று நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதும், அங்கே உட்காரச் சட்டப்படி நமக்கு உரிமை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மலையடிவாரத்தில் நிலம் கைமாறும் விதத்தைப் பாருங்கள். பொன்முடியில் மெர்ச்சிஸ்டன் தோட்டத்து நிலத்தை விண்வெளிக் கல்லூரிக்காக வாங்கிய விவகாரம் 2007-ஆம் ஆண்டில் கேரளம் முழுவதையும் உலுக்கியது. அது காட்டுநிலம் என்றது வனத்துறை. காசு கொடுத்து வாங்கியது என்றார்கள் மற்றவர்கள். சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் பெரிய ரகளை. கடைசியில் கல்லூரி வலியமலையில் எழுந்தது. அத்தனை பேச்சிலும் தோட்டத்தில் வேலை செய்கிறவன் எங்கே இருப்பான், எதைத் தின்பான் என்ற கேள்வி எத்தனை பேர் வாயில் வந்தது? காட்டுக்கு வக்கீல் இருந்தார், கம்பெனிக்கு வக்கீல் இருந்தார். லயத்துக்கு இல்லை.

போணக்காட்டின் கதை இன்னும் கசப்பானது. வருஷக்கணக்கில் ஓய்ந்து கிடந்த தேயிலைத் தொழிற்சாலை, பாக்கியாகிப் போன சம்பளம், பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி, மழைக்கு ஒழுகும் கூரை. இதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அங்கே பாழடைந்த ஒரு பங்களாவில் பேய் இருப்பதாகக் கதை கட்டிவிட்டார்கள். அதைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் பையன்கள் வருகிறார்கள். அதே மலையில் லயத்தில் உயிரோடு இருக்கும் மனிதரைப் பார்க்க வந்தவர்கள் அவர்களைவிடக் குறைவு.

லயத்துக் குடும்பத்துக்கு நிலம் இல்லாமல் போனது தலைவிதி அல்ல. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கொடுத்தது. கேரளம் பெருமைப்படும் காரியம், நியாயமான பெருமைதான். ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயம் முதலாளியின் கட்டடம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது; அந்த வீட்டைச் சொந்தமாக்கச் சொல்லவில்லை. வேலை உள்ளமட்டும் கூரை. ஓய்வு பெற்றால் எங்கே போவது என்ற கேள்விக்கு அன்று பதில் எழுதப்படவில்லை. அதனால்தான் இன்று தோட்டம் கைமாறினாலும், உல்லாச விடுதி வந்தாலும், காடாக அறிவிக்கப்பட்டாலும், முதலில் ஆட்டம் காண்பது நம் அடுப்பு.

லயம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அதில் படுத்துறங்குகிறவனை ஒருபோதும் கேட்டதில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியுமா? சரிவின் கீழே வரிசையாக வீடு கட்டியது மழை அல்லவே!

இனி, பேசியதால் பலன் கண்டவர்களைப் பார்ப்போம். தூரத்தில் தேட வேண்டாம், பக்கத்துப் பஞ்சாயத்து பெரிங்கமலை. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாலோட்டை அடுத்து ஆஸ்பத்திரிக் கழிவுகளைச் சுத்திகரிக்கும் ஆலை வரப்போகிறது என்ற செய்தி கிளம்பியது. ஊர் எழுந்தது; ஆலை அங்கே வரவில்லை. அதே ஆண்டு, அங்குள்ள அரசு விவசாயப் பண்ணையில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டத் திட்டம் வந்தது. பண்ணைக்குப் பக்கத்தில் ஆதிவாசிக் குடியிருப்புகள். கீழே வாமனபுரம் ஆற்றுக்குப் போகும் தண்ணீர். சுற்றிலும் 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், ஆதிவாசிகளும் விவசாயிகளும் பெண்களும். அந்த ஆலையும் வரவில்லை.

குப்பை எங்காவது போகத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நகரத்துக் குப்பை நகரத்திலேயே ஏன் தீரக்கூடாது, அது ஏன் எப்போதும் மலையில் ஏழை இருக்கும் இடத்தைத் தேடி வருகிறது என்று நாமும் கேட்கலாம்.

பாலக்காட்டுப் பிளாச்சிமடையை எல்லோரும் அறிவார்கள். அங்கே கொக்கோ கோலா ஆலையால் கிணறு கெட்டது என்று 2002-இல் மறியலில் உட்கார்ந்தவர்களில் பலர் தமிழ் பேசும் எரவாளர், மலசர் மக்கள். முன்னே நின்ற மயிலம்மாவும் எரவாளர் குலத்துப் பெண்தான். பெருமாட்டி பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கோர்ட்டில் எல்லாத் தீர்ப்பும் பஞ்சாயத்துக்குச் சாதகமாக வரவில்லை. 2005-இல் உயர்நீதிமன்றம் கம்பெனிப் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் ஆலை மறுபடி ஓடவில்லை. பந்தலில் இருந்த ஜனங்களும் பஞ்சாயத்தின் தீர்மானமும் ஒரே பக்கம் நின்றதன் பலன் அது.

கிராம சபைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி, ஒரு வார்டின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்டுவது வார்டு மெம்பரின் கடமை. வாக்காளரில் நூற்றுக்குப் பத்துப் பேர் வந்தால்தான் கோரம். எந்த ரோடு, எந்தக் குடிநீர்க் குழாய், எந்தத் தரிசு நிலத்தில் என்ன வேலை என்று திட்டத்துக்கு யோசனை சொல்வது இங்கேதான். வீடு கட்டிக் கொடுக்கும் லைப் மிஷன் பட்டியல் படிக்கப்படுவதும் இங்கேதான். நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் இருப்போர் என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. நம்மவர்களின் பெயர் அதில் எத்தனை என்று பார்க்க வேண்டாமா?

பெரிய திட்டங்கள் திருவனந்தபுரத்துச் செயலகத்திலும் டில்லியிலும் முடிவாகின்றன. கிராம சபைத் தீர்மானம் ஒன்றே அவற்றைத் தடுத்துவிடும் என்று பொய் நம்பிக்கை ஊட்ட மாட்டோம். ஆனால் பின்னால் கோர்ட்டுக்குப் போகும்போதும், மந்திரியைப் பார்க்கும்போதும், மினிட்ஸ் புத்தகத்தில் பதிந்த ஒரு பக்கம், கையெழுத்து வாங்கிய நூறு மனுக்களைவிட எடை உள்ளது.

நம்மில் ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது: "நாம் பிழைக்க வந்தவர்கள். இவர்கள் ஊர் விஷயத்தில் தலையிட்டால் பாண்டிக்காரனுக்கு என்ன வேலை என்பார்கள்." சொல்வார்கள்தான். சொல்லட்டும். இந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள், இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். பட்டியலில் பெயர் உள்ளவன் பிறந்த ஜில்லா எது என்று சட்டம் கேட்பதில்லை.

பெயர்தான் சிக்கல். சில குடும்பங்களின் ஓட்டு இன்னும் திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு நாள் பஸ் ஏறிப்போய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஊர்ப்பாசம் நமக்கும் உண்டு. ஆனால் ஓட்டு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். வருஷத்தில் பதினொன்றே முக்கால் மாதம் எங்கே இருக்கிறோமோ அங்கே இருப்பதுதான் பயன். இன்னொன்றையும் கவனியுங்கள்: கேரளத்தில் பஞ்சாயத்துக்கான பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே வைத்திருக்கிறது. சட்டசபைப் பட்டியலில் பெயர் இருப்பதால் இதிலும் இருக்கும் என்று சும்மா இருக்கக்கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

மலையாளம் எழுத வராது என்ற கூச்சமும் வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். சபையில் பேசுவதற்கு நமக்குத் தெரிந்த மலையாளம் போதும். கடையில் கடன் சொல்லும்போது வருகிற மலையாளம் மெம்பர் முன்னால் வராதா என்ன?

தினக்கூலி போகும் என்பது மட்டும் பொய்யில்லாத தடை. வேலை நாளில் பகலில் கூட்டம் வைத்தால் கூலிக்காரன் எப்படி வருவான்? நம் வார்டுகளில் கிராம சபையை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும் என்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும். நோட்டீஸ் லயத்துக்கும் வந்து சேர வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினால் போதாது. குடும்பஸ்ரீ கூட்டங்களுக்குப் போகும் நம் பெண்களுக்குத் தேதி முன்பே தெரிந்துவிடுகிறது; ஆண்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி போதும்: நம் வார்டில் உள்ள தோட்ட நிலத்தை விற்கவோ, விடுதி கட்டவோ, வேறு காரியத்துக்கு மாற்றவோ பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் ஏதாவது வந்திருக்கிறதா? பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று சந்தேகம் வந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்கலாம்; வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் ரேஷன் கார்டையும் ஓட்டர் கார்டையும் எடுத்துக்கொண்டு நம் சங்கத்துக்கு வாருங்கள். பஞ்சாயத்துப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.